வீட்டுக் கூரையில் சோலார் பூட்ட அனுமதி எடுப்பது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன். 2019-இல் என் வீட்டுக் கூரையில் சோலார் ஏறியதிலிருந்து, யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் தேத்தண்ணி வருவதற்குள் இந்தக் கேள்விகள் வந்துவிடும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் ஏறிய பிறகு கேட்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். வேலையில் பாதியைத் தன் கையால் செய்ய நினைக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

"என்ட வீடு, என்ட கூரை, என்ட காசு. இதுக்கு ஏன் அனுமதி?"

கூரை உங்களுடையதுதான், ஆனால் வாசலில் நிற்கும் போஸ்ட்டும் அதில் வரும் வயரும் உங்களுடையவை அல்ல. உங்கள் சோலார் அந்த வயரோடு சேர்ந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கரண்ட் வாங்குகிறவர் மட்டுமல்ல, கரண்ட் அனுப்புகிறவரும்கூட. 2009-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் வந்த காலத்திலிருந்தே மின் உற்பத்தி என்பது கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். வீட்டுக்காரருக்கு அந்த அனுமதி மின்சார சபையோடு செய்யும் ஒப்பந்தமாக வருகிறது.

சட்டத்தை விடுங்கள், உயிர் பற்றிய காரணம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்ச் சந்தியில் நிற்கும் ட்ரான்ஸ்போமர் பெரும்பாலும் 33,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 ஆகத் தருகிறது. அதே பெட்டி எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். லைன் வெட்டியிருக்கும் நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து 230 வோல்ட் வெளியே போனால், மேல் கம்பியில் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி நிற்கும். லைன் செத்துவிட்டது என்று நம்பிப் போஸ்ட்டில் ஏறும் பொடியன் நம் ஊர்ப் பிள்ளை.

"சரி, கரண்ட் லைனோட சேர்க்காம பற்றரியில மட்டும் ஓட்டினா?"

அப்படியென்றால் மின்சார சபையிடம் விண்ணப்பிக்கத் தேவையில்லை. வாடியில் ரெண்டு பல்பும் ஃபேனும், வயலில் தண்ணீர் பம்ப், மாட்டுப்பட்டியில் வெளிச்சம், இவை எல்லாம் தனி வயரிங்கில் தாராளமாக ஓடலாம்.

வீட்டு வயரிங்கோடு சேர்ப்பதென்றால் நடுவில் ஜெனரேற்றருக்குப் போடுவது போல ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் லைன், மறுபக்கம் சோலார், இரண்டும் ஒருபோதும் ஒன்றாகச் சேராது என்பது சுவிட்சின் உடம்பிலேயே இருக்க வேண்டும். "நான் கவனமா மெயினை ஓஃப் பண்ணிப் போடுவன்" என்பது பாதுகாப்பு ஆகாது. நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டில் இருப்பது பிள்ளைகள்.

"நான் வயரிங் படிச்சவன். எல்லாத்தையும் நானே பூட்டலாமா?"

லைனோடு சேரும் சோலார் என்றால், முழுவதையும் முடியாது. பூட்டுகிறவர் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்த நிறுவனமாக இருக்க வேண்டும், முடிந்த வேலையை ஒரு பட்டயப் பொறியியலாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டும் இல்லாமல் உங்கள் விண்ணப்பக் கோவை நகராது.

ஆனால் உங்கள் கைக்கு வேலை நிறைய உண்டு. கூரை மரத்தைப் பார்த்துப் பழுதானதை மாற்றுவது, நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று குறித்து வைப்பது, ஏர்த் குழி வெட்டுவது, கொண்டியூட் பைப் ஓட்டுவது, பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் பெட்டியை வைக்க நிழலான காற்றோட்டமான சுவர் தயார் செய்வது எல்லாம் நீங்களே செய்யலாம். பதிவுள்ள நிறுவனங்களில் சிலர், வீட்டுக்காரர் தானே வாங்கிய சாமானைப் பூட்டிச் சான்று தரச் சம்மதிப்பார்கள், பலர் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிப்பவரைக் கண்டால் எந்த வேலை யாருடையது, பிழை வந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.

பனல் பக்கத்து வயரை மட்டும் தெரியாமல் தொடாதீர்கள், படித்தவராக இருந்தாலும் சரி. ஒரு பனல் 50 வோல்ட் அளவில் தரும், பத்தைத் தொடராகக் கோர்த்தால் 500 வோல்ட் டீசீ, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த வழியில்லை. டீசீயில் வரும் பொறி வீட்டு ஏசீ கரண்ட் போலத் தானாக அணையாது, இழுத்த இடத்தில் நின்று எரியும். ஒரு வீட்டில் சரியாக அழுத்தாத கனெக்டர் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே செப்பு கறுத்து, பிளாஸ்டிக் உருகி மெழுகு போல ஓட்டுக்குக் கீழே சொட்டியிருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் "இந்த மாதம் யூனிட் கொஞ்சம் குறைவு" என்பதுதான்.

"எந்தக் கந்தோருக்குப் போறது? கொழும்புக்குப் போகணுமா?"

கொழும்புக்குப் போகத் தேவையில்லை. உங்கள் பில்லில் எந்தப் பிரதேசக் கந்தோர் என்று இருக்கிறதோ அங்கே போனால் போதும். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் மின்சார சபைப் பகுதிதான். கரண்ட் விநியோகிக்கும் மற்ற நிறுவனமான லெக்கோ மேற்குக் கரையோடு நின்றுவிடுகிறது, ஆகவே கொழும்பு உறவினர் சொல்லும் லெக்கோ நடைமுறையை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் 2024-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டத்தால் பலகையில் பெயர் மாறலாம், கடிதத் தலைப்பு மாறலாம். நீங்கள் போக வேண்டிய கதவு பில்லில் உள்ள அதே கதவுதான்.

"முதல்ல பனலை வாங்கிப் போடுவம், விலை ஏற முந்தி. விண்ணப்பம் பிறகு குடுக்கலாம்தானே?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடமுண்டு என்று மின்சார சபை தரும் தொழில்நுட்ப அனுமதி கடிதமாகக் கையில் வரும்வரை பனலும் வேண்டாம், இன்வேட்டரும் வேண்டாம், முற்பணமும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் பத்துப் பனலை இறக்கிவிட்டுத்தான் விண்ணப்பித்தார்கள். அவர்கள் பக்கத்து ட்ரான்ஸ்போமரில் இடமில்லை என்று பதில் வந்தது. எட்டு மாதம் அந்தப் பனல்கள் விறாந்தைச் சுவரில் சாய்ந்து நின்றன, மேலே ஒரு பழைய பெட்ஷீட். பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் அந்தத் தாய் "கண்ணாடி, கண்ணாடி" என்று கத்துவார். கடைசியில் இடம் கிடைத்தது, ஆனால் குறைந்த அளவுக்குத்தான் அனுமதி. மூன்று பனலை விற்க வேண்டி வந்தது, விற்ற விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

இன்வேட்டரும் அப்படித்தான். மின்சார சபை ஏற்கும் இன்வேட்டர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. கடைக்காரர் "இது எல்லாம் ஒண்டுதான்" என்று தருவது அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், சுவரில் பூட்டிய பிறகு கழற்ற வேண்டியதுதான். மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்க் கந்தோரில் காட்டிவிட்டு வாங்குங்கள்.

"ட்ரான்ஸ்போமர் நிரம்பிட்டு எண்டு சொல்றாங்க. அதென்ன தண்ணித் தாங்கியா?"

கிட்டத்தட்ட அப்படித்தான். ஊருக்குள் நிற்பவை பெரும்பாலும் 100 அல்லது 160 கிலோவோல்ட் அம்பியர் அளவுள்ளவை. பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் அனுப்ப, வீடுகளிலோ ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பார்கள், வாங்க ஆளில்லை. அந்தக் கரண்ட் எல்லாம் ட்ரான்ஸ்போமர் வழியாக மேலே ஏற வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. முதலில் போட்டவருக்கு இடம் கிடைக்கும், கடைசியில் போகிறவர் காத்திருக்க வேண்டும்.

இடமில்லை என்றால் வாயால் சொன்னதோடு திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். குறைந்த அளவுக்கு இடமுண்டா, ட்ரான்ஸ்போமரைப் பெரிதாக்கும் திட்டம் உண்டா, காத்திருப்போர் வரிசையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்ற மூன்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

"வீடு மனைவிக்குச் சீதனமா வந்தது. பில் இன்னும் மாமாட பேரில. நான் கையெழுத்து வைக்கலாமா?"

நம் பக்கத்தில் கோவைகள் தடக்கி நிற்கும் முதல் இடம் இதுதான், தமிழ் வீடாக இருந்தாலும் முஸ்லிம் வீடாக இருந்தாலும். வீடு மகளுக்குப் போகும், உறுதி மகளின் பெயருக்கு மாறும், கரண்ட் பில் மட்டும் இருபது வருடமாகத் தகப்பன் பெயரிலேயே வரும். சில வீடுகளில் மௌத்தாகிப்போன வாப்பாவின் பெயரில். ஒப்பந்தம் செய்ய வேண்டியவர் பில்லில் உள்ளவர், காசு வரவேண்டிய வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே சோலார் விண்ணப்பத்துக்கு முன்பே பில்லை வீட்டுச் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றுங்கள். வீடு மனைவி பெயரில் என்றால் விண்ணப்பதாரியும் மனைவிதான், ஓடித் திரிகிறவர் நீங்களாக இருந்தாலும். உறுதிப் பிரதி, அடையாள அட்டை, ஜீஎஸ் (கிராம சேவகர்) உறுதிப்படுத்திய வதிவிடக் கடிதம், பழைய பெயர்க்காரர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம், இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் என்று கையில் வைத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். பழைய பில் பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிட்டுப் போங்கள்.

"எங்கட காணி பெர்மிட் காணி. உறுதி இல்ல."

பில் உங்கள் பெயரில் ஒழுங்காக இருந்தால் அதுவே பெரிய பலம். அரச காணிக்குத் தந்த பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலையும் எடுத்துக்கொண்டு கந்தோரில் முதலே கேளுங்கள். பெர்மிட்டில் பாட்டன் பெயரும் பில்லில் பேரன் பெயரும் இருந்தால், முன் கேள்வியில் சொன்னதுபோல முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்.

"எத்தனை கிலோவாட் போடலாம்? பக்கத்து வீட்டான் பத்துப் போட்டிருக்கான்."

உங்கள் இணைப்பின் அளவைத் தாண்ட முடியாது. சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டம் (சிங்கிள் ஃபேஸ்), 30 அம்பியர். 230-ஐ 30-ஆல் பெருக்கினால் 6,900, அதுதான் உச்சம். அந்த இணைப்பில் ஆட்கள் வழக்கமாக எடுப்பது 5 கிலோவாட் வரை. பத்துப் போட்டவர் மூன்று கட்ட இணைப்பு வைத்திருப்பார்.

தேவையைக் கணக்கிட லேசான வழி: ஒரு கிலோவாட் மாதத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 யூனிட் தரும். உங்கள் பன்னிரண்டு மாதப் பில்லை எடுத்துச் சராசரியைப் பாருங்கள். 240 யூனிட் பாவிக்கிற வீட்டுக்கு 2 கிலோவாட்டே கிட்டத்தட்டச் சரியாகிவிடும். மார்கழி, தை மழையில் குறையும், கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் கூடும், வருடக் கணக்கில் சமப்படும்.

"நெற் மீற்றரிங், நெற் எக்கவுண்டிங், நெற் பிளஸ். மூண்டும் ஒண்டுதானா?"

இல்லை, படிவத்தில் எதற்குப் புள்ளடி போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். நெற் மீற்றரிங் 2010-இல் வந்தது. அனுப்பிய யூனிட்டையும் வாங்கிய யூனிட்டையும் கழிப்பார்கள், மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்குப் போகும், காசாகக் கைக்கு வராது. 2016-இல் அரசின் கூரைச் சோலார் திட்டமான சூரிய பல சங்கிராமயவோடு மற்ற இரண்டும் வந்தன. நெற் எக்கவுண்டிங்கில் அதே கழித்தல், ஆனால் மிச்ச யூனிட்டுக்குக் காசு வரும். நெற் பிளஸில் கழித்தலே இல்லை. கூரையில் விளைவதெல்லாம் தனி மீற்றர் வழியாக விற்பனைக்குப் போகும், நீங்கள் பாவிப்பதற்கு வழக்கம்போலப் பில் வரும்.

என் எண்ணம்: வீட்டுப் பாவனை கூட உள்ளவருக்குக் கழித்தல் உள்ள திட்டமே நல்லது. வீட்டுப் பில் படிப்படியாக ஏறும் கட்டணம், மேல் படியில் நிற்கும் யூனிட்டைத்தான் சோலார் முதலில் வெட்டுகிறது. அந்த யூனிட்டை வாங்காமல் விடுவதில் மிஞ்சும் காசு பல வீடுகளில் விற்றுக் கிடைப்பதைவிடக் கூட.

"மச்சானுக்கு 37 ரூபா கிடைக்குது. எனக்கும் அதே தருவாங்களா?"

மாட்டார்கள். ஒப்பந்தம் செய்த காலத்து விலைதான் உங்கள் விலை, ஒப்பந்தம் 20 வருடம். 2016-இல் ஒரு யூனிட்டுக்கு முதல் 7 வருடத்துக்கு 22 ரூபாவும் அடுத்த 13 வருடத்துக்கு 15.50-உம் என்று இருந்தது, என்னுடையது அந்தக் கணக்கு. 2022-இல் 37 ஆக ஏறியது, உங்கள் மச்சான் அதில் ஏறியவர். 2024-இல் 27 ஆக இறங்கியது. 2025-இல் 5 கிலோவாட் வரையான கூரைக்கு 20.90, அதற்கு மேல் 20 கிலோவாட் வரை 19.61 என்று அளவுக்கேற்பப் பிரித்தார்கள்.

விற்பனைக்கு வரும் பொடியன்கள் இன்னும் பழைய விலையில் கணக்குப் போட்டு "நாலு வருசத்தில காசு திரும்பும்" என்று தாளில் காட்டுவார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய், இன்று விண்ணப்பித்தால் எந்தத் திட்டம் திறந்திருக்கிறது, யூனிட் எவ்வளவு என்று கேட்டு, கணக்கைத் திரும்பப் போடுங்கள். வங்கிக் கடன் எடுக்கிறவர்கள் இதைச் செய்யாமல் கையெழுத்து வைக்கவே கூடாது.

"பிரதேச சபை, மாநகர சபையில வேற அனுமதி எடுக்கணுமா?"

இருக்கிற கூரையின் மேல் படுத்தபடி பூட்டும் பனலுக்காக யாரும் கட்டட வரைபடம் கேட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் சோலாருக்காகவே வளவில் உயரத் தூண் நிறுத்திக் கொட்டகை போடுவது, மொட்டை மாடியில் இன்னொரு தட்டு எழுப்புவது எல்லாம் புதுக் கட்டட வேலை. அதற்கு உங்கள் சபையில் கட்டட அனுமதி எடுங்கள்.

கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் என்று கடலோடு ஒட்டிய ஊர்களில் இன்னொன்றும் உண்டு. உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் புதுக் கட்டுமானம் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் வேண்டும்.

"எங்கட கூரை சீற். தாங்குமா? கச்சானுக்குப் பறந்து போகாதா?"

ஒரு பனல் 28 கிலோ அளவு, பத்துப் போட்டால் 280 கிலோ. ஆனால் பாரத்தைவிடக் காற்றுத்தான் என் பயம். பனலுக்கும் சீற்றுக்கும் நடுவில் காற்றுப் புகுந்தால் அது பாய் போல மேலே தூக்கும். 1978 நவம்பர் 23-ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நம் கரையில் காற்று என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

ஆகவே பிடிமானம் சீற்றில் இருக்கக் கூடாது, மரத்தில் இருக்க வேண்டும். சலாகையைச் சுரண்டிப் பாருங்கள், கறையான் தூள் கொட்டினால் சோலார் கதையை நிறுத்திவிட்டு மரத்தை மாற்றுங்கள். ஓட்டு வீடென்றால் ஓட்டுக்குக் கீழே கைமரத்தில் பிடிக்கும் கொக்கி உண்டு, ஓட்டைத் துளைக்க வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் நேராக மிதிக்காதீர்கள், பலகை போட்டு நடவுங்கள், துளைக்கும்போது வாயைக் கட்டுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கூரை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்டுங்கள், காற்று ஓரத்தில்தான் அதிகம் இழுக்கும்.

"கடற்கரை வீடு. துருப்பிடிச்சா அனுமதி குடுக்க மாட்டாங்களா?"

துருவுக்காக மறுக்க மாட்டார்கள், ஆனால் ஐந்தாம் வருடத்தில் நீங்களே அழுவீர்கள். அலுமினிய ரெயிலும் துருப்பிடிக்காத எஃகு நட்டும் போடச் சொல்லிக் கேட்டு, விலைச்சீட்டில் அதை எழுத வையுங்கள். கடலோரத்து வீடொன்றில் ரெயில் வெள்ளி போல இருந்தது, அதைப் பிடித்திருந்த நட்டுகளிலிருந்து சிவப்புக் கோடுகள் சீற்றில் வழிந்திருந்தன. சாவியை வைத்ததும் ஒன்று உடைந்து கையோடு வந்தது. பனல் வாங்கும்போது உப்புக் காற்றுச் சோதனைக்கான சர்வதேசத் தரம் ஐ.ஈ.சி. 61701-இன் சான்று உண்டா என்றும் கேளுங்கள்.

"என்னென்ன பேப்பர், எந்த ஒழுங்கில?"

முதலில் விண்ணப்பப் படிவம், கடைசிப் பில், அடையாள அட்டை, பனல் இன்வேட்டர் விபரம், வயர் எப்படிப் போகிறது என்று காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடம், விண்ணப்பக் கட்டணம். பனலுக்கு ஐ.ஈ.சி. 61215, 61730 சான்றும், இன்வேட்டருக்கு ஐ.ஈ.சி. 62109, 62116 சான்றும் விற்பவரிடம் இருக்கும், பிரதி வாங்குங்கள். வரைபடத்தைப் பூட்டுகிற நிறுவனம் கீறித் தரும், ஆனால் அதில் உள்ள இன்வேட்டர் மொடலும் நீங்கள் வாங்கப்போகும் மொடலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று நீங்களே பாருங்கள். ஒரே ஓர் எழுத்து மாறியதால் கோவை திரும்பி வந்த வீடு உண்டு.

பிறகு அவர்கள் ட்ரான்ஸ்போமரைப் பார்த்துத் தொழில்நுட்ப அனுமதி தருவார்கள். அதற்குப் பின்தான் சாமான், பூட்டல். பூட்டி முடிந்ததும் பட்டயப் பொறியியலாளரின் சோதனை அறிக்கை, மீற்றருக்கான கட்டணம், ஒப்பந்தம், சபையின் பரிசோதனை, கடைசியில் புது மீற்றர்.

"பார்க்க வாறவங்க எதைப் பார்ப்பாங்க?"

கரண்ட் போனால் இன்வேட்டர் தானாக நிற்கிறதா என்பதைத்தான் முதலில். மெயினை இறக்குவார்கள், இன்வேட்டர் கணத்தில் செத்துவிட வேண்டும். மெயினைத் திரும்ப ஏற்றினால் உடனே எழும்பாமல் கொஞ்சம் பொறுத்துச் சேர வேண்டும். பிறகு ஏர்த். மணல் தரையில் ஒரு றொட் அடித்தால் கோடையில் தடை ஏறிவிடும், ஆகவே கோடையிலேயே அளந்து, தேவையென்றால் இன்னொன்றும் அடியுங்கள். டீசீ பக்கமும் ஏசீ பக்கமும் தனிப் பிரேக்கர், மின்னல் தடுப்பான், இரண்டு வழியாலும் கரண்ட் வருகிறது என்று எச்சரிக்கும் ஒட்டி, இவை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

"எல்லாம் பூட்டியாச்சு, மீற்றர் மட்டும் வரல்ல. ஒரு நாளைக்கு ஓன் பண்ணிப் பார்ப்பமா?"

வேண்டாம். உங்கள் பழைய டிஜிட்டல் மீற்றர் வெளியே போகும் கரண்டையும் உள்ளே வந்ததாக எண்ணக்கூடும். நீங்கள் அனுப்பிய யூனிட்டுக்கு நீங்களே பில் கட்டுவீர்கள். ஒப்பந்தமும் இல்லாத நேரம், விபத்து என்றால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

புது மீற்றர் வந்ததும் திரையில் மாறி மாறி வரும் எண்களைப் பாருங்கள். பல மீற்றர்களில் 1.8.0 என்று வருவது நீங்கள் வாங்கிய யூனிட், 2.8.0 நீங்கள் அனுப்பியது. பூட்டிய அன்றே இரண்டையும் படம் எடுத்து வைத்தால், முதல் பில்லில் பிழை வந்தால் பேச வாய் இருக்கும்.

"சோலார் போட்டும் கரண்ட் போனா வீடு இருட்டாத்தான் கிடக்கு. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை, அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன போஸ்ட்டில் ஏறும் பொடியனுக்காகத்தான் இன்வேட்டர் நிற்கிறது. கரண்ட் போன நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு சேரும் ஹைபிரிட் இன்வேட்டர் வேண்டும், விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும்.

"உச்சி வெயிலில இன்வேட்டர் தானா நிண்டு நிண்டு வருகுது. பழுதா?"

பெரும்பாலும் வோல்ட்டேஜ். நம் லைனுக்கு 230-இலிருந்து 6 வீதம் மேலும் கீழும் அனுமதி, அதாவது 244 அளவு வரை. படுவான்கரைப் பக்கம் லைன் நீளம், வீடுகள் தூரம். கடைசி வீட்டிலிருந்து கரண்டைத் தள்ள இன்வேட்டர் வோல்ட்டேஜை ஏற்ற வேண்டும், எல்லையைத் தாண்டினால் நின்றுவிடும். மதியம் 12 மணிக்கு இன்வேட்டர் திரையில் உள்ள வோல்ட்டேஜை ஒரு வாரம் எழுதி, அந்தத் தாளோடு கந்தோருக்குப் போங்கள். உங்கள் பக்கத்து வயர் மெல்லியதாக இருந்தாலும் இது வரும், ஆகவே மீற்றரிலிருந்து இன்வேட்டர் வரை உள்ள வயரையும் பாருங்கள்.

எல்லை அளவை உயர்த்தி வைத்துத் தருகிறேன் என்று யாராவது ஃபோனோடு வந்தால் விடாதீர்கள். கூடிய வோல்ட்டேஜ் முதலில் உடைப்பது உங்கள் ஃபிரிட்ஜையும் பக்கத்து வீட்டு ரீவியையும்தான்.

"ஹைபிரிட் போட்டு, வெளியே ஒண்டும் அனுப்பாம செட் பண்ணினா சொல்லத் தேவையில்லதானே?"

கடினமான கேள்வி, நிறையப் பேர் இதில் வழுக்குகிறார்கள். வெளியே அனுப்பாவிட்டாலும் அந்த இன்வேட்டர் லைனோடு சேர்ந்தே ஓடுகிறது. அனுப்பாதே என்பது மென்பொருளில் ஒரு அமைப்பு மட்டும், ஒரு சென்சர் கழன்றாலே அனுப்பத் தொடங்கும். ஆகவே சொல்லி அனுமதி எடுங்கள். லைனோடு சேராமல் சேஞ்ச் ஓவர் வழியாக மட்டும் ஓடுவது வேறு, அது இரண்டாம் கேள்வியில் இருக்கிறது.

"அனுமதி 3-க்கு. பிறகு ரெண்டு பனல் கூட்டினா யாருக்குத் தெரியும்?"

மீற்றருக்குத் தெரியும். ஒப்பந்த அளவை மீறினால் ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகும். 37 ரூபா ஒப்பந்தம் வைத்திருக்கிறவர்கள் இதில் மிகக் கவனமாக இருங்கள். கூட்ட வேண்டும் என்றால் திருத்த விண்ணப்பம் கொடுங்கள், கூடும் பகுதிக்கு என்ன விலை, பழைய பகுதியின் விலை அப்படியே நிற்குமா என்று கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

"புதுவருசத்தில ஓஃப் பண்ணச் சொன்னாங்களே, அதுக்கு நாம ஏன் கேட்கணும்?"

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு அது. கந்தோர் தொழிற்சாலை மூடிய நாளில் பாவனை குறைவு, கூரைகள் அனுப்புவது அதிகம், கோளாறைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுழலும் இயந்திரங்கள் குறைவு, ஆகவே முழு வலையமைப்பும் விழுந்தது. அதே நிலை வரும் என்று பயந்துதான் அந்த ஏப்ரலில் சித்திரைப் புதுவருட நாட்களில் பகலில் கூரை சோலாரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

இழப்பு வீட்டுக்காரருக்கு என்பது உண்மை, அதைக் கேட்டுப் பேச வேண்டியதும் சரி. ஆனாலும் அந்த நாட்களில் நான் நிறுத்தித்தான் வைத்தேன். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டுக்குக் கரண்ட் அதிகம் தேவை, அந்நேரம் வெயில் இல்லை. பற்றரி விலை கைக்கு எட்டினால் இதற்கு அதுதான் வழி.

"விண்ணப்பம் குடுத்து மாசக்கணக்காச்சு. ஒரு பதிலும் இல்ல."

கொடுத்த அன்றே பிரதியில் திகதி முத்திரை வாங்கினீர்களா? அது இருந்தால் பேச்சு வேறு. முதலில் பிரதேசப் பொறியியலாளருக்கு எழுத்தில் நினைவூட்டல், மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கும் அழைத்து முறைப்பாட்டு எண் வாங்குங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016-இலிருந்து இருக்கிறது, உங்கள் கோவை எந்த மேசையில் நிற்கிறது என்று அதன் கீழ்க் கேட்பது உங்கள் உரிமை. சத்தம் போடத் தேவையில்லை. மேசையில் இருக்கும் தங்கச்சியும் நூறு கோவையோடுதான் இருக்கிறார். திகதி முத்திரையும் கடிதமும்தான் வேலை செய்யும்.

"எல்லாம் முடிஞ்சு. கடைசியா கையில என்ன இருக்கணும்?"

கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதி, தொழில்நுட்ப அனுமதிக் கடிதம், பொறியியலாளரின் சோதனை அறிக்கை, வரைபடம், பனல் ஒவ்வொன்றின் தொடர் இலக்கம், இன்வேட்டர் உத்தரவாத அட்டை, இன்வேட்டரின் கடவுச்சொல். அந்தக் கடைசியை வாங்காமல் விட்டவர்கள் பலர். நிறுவனம் மூடிப்போன பிறகு தங்கள் இன்வேட்டரையே திறந்து பார்க்க முடியாமல் நிற்கிறார்கள். மிச்சக் காசைக் கொடுக்கும் முன் கடவுச்சொல்லை உங்கள் ஃபோனில் போட்டுத் திறந்து பாருங்கள், திறந்த பிறகு காசைக் கொடுங்கள்.